ஓய்வுக்கு வைத்த பெட்டிகள்

பழைய பெற்றரி விற்கிறவன் மீற்றரைக் கையில் எடுத்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். அவன் என்ன செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே தெரியும். இரண்டு முனையிலும் கம்பியை வைப்பான். இலக்கம் தெரியும். "பாருங்க நானா, ஃபுல்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வான். ஒருவனைக் கதிரையில் உட்காரவைத்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இவன் நெல்லு மூட்டை தூக்குவான் என்று சொல்வது மாதிரியான வேலை அது. சும்மா இருக்கும்போது எந்தப் பெற்றரியும் நல்ல பெற்றரிதான். சும்மா இருக்கும்போது நானும் நல்ல மனிதன்தான்.

எனக்குப் பெற்றரி தேவைப்பட்டது விளையாட்டுக்கு அல்ல. என் மூத்த சகோதரிக்கு, ராத்தாவுக்கு, இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போய்விட்டது. கிழமைக்கு இரண்டு தடவை புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மச்சான், அவளுடைய புருஷன், மௌத்தாகி மண்ணுக்குள் போய்ப் பல வருஷம். அவளுடைய ஒரே மகன் கத்தாரில் இருந்தான். நானோ கலியாணம் செய்யாதவன். இவனுடைய கோபத்துக்கு எவன் பொண்ணு தருவான் என்று ராத்தாவே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். ஆலங்குடாவில் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அது பெற்றோல் இல்லாத காலம். உள்நாட்டுச் சண்டை முடிந்தபோது இனிமேல் வரிசையில் நிற்கிற வேலை இல்லை என்று நினைத்தோம். பல வருஷம் கழித்து, சண்டையும் இல்லாமல் சத்தமும் இல்லாமல் நாடு முழுக்க வரிசையில் நின்றது. ஓட்டோக்காரர்கள் பெற்றோல் செட்டுக்கு முன்னால் ஓட்டோவை விட்டுவிட்டு அதற்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். பஸ் வந்தால் கால் வைக்க இடமிருக்காது. மெஷினில் இருந்து இறங்கிய மனுஷி, கண் இருட்டிக்கொண்டு வர, கம்பியைப் பிடித்தபடி நின்றே வீடு வந்து சேர்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இருக்கிற ஒருவரும் எழும்பவில்லை. எழும்பச் சொல்லி நான் கத்தினேன். அதற்கும் ராத்தா எனக்குத்தான் ஏசினாள்.

ஒரு நாள் பஸ்ஸும் வரவில்லை. அந்தத் தடவை தவறிப் போனது. கால் வீங்கி, முகம் வீங்கி, படுக்க முடியாமல் விடியும் வரை சுவரில் சாய்ந்திருந்து மூச்சு வாங்கினாள். அடுத்த தடவை கொண்டுபோனபோது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை தவறினால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்குத்தான் நான் முடிவெடுத்தேன். பெற்றோல் இல்லாவிட்டால் பெற்றோல் வேண்டாம்.

மோட்டார் எனக்குப் புதிது அல்ல. அதுதான் என் தொழில். இறால் பண்ணைகளில் தண்ணீருக்குக் காற்றடிக்கிற மோட்டார், வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மோட்டார், எது எரிந்தாலும் கழற்றிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். எங்கள் முற்றத்தில் என்ஜின் செத்த சின்ன வேன் ஒன்று கிடந்தது. கொழும்பில் கழித்துப் போட்ட, பாரம் தூக்கும் வண்டி ஒன்றின் மோட்டாரைத் தேடிப் பிடித்து, என்ஜின் இருந்த இடத்தில் பூட்டினேன். அது சுகமாக முடிந்த வேலை. பெற்றரிதான் என் உயிரை வாங்கியது.

புதுப் பெற்றரி நினைத்தும் பார்க்க முடியாது. கப்பலில் ஒரு சாமானும் வராத காலம். விபத்தில் நொறுங்கிய ஜப்பான் கரண்ட் கார்களில் இருந்து கழற்றி எடுத்ததைத்தான் வாங்க வேண்டும். பிஸ்கட் டின்னைத் தட்டையாக்கினது போன்ற வெள்ளித் தகரப் பெட்டிகள் அவை. ஒரு காரில் பல பெட்டிகள் இருக்கும். அதில் நல்ல பெட்டி எது, செத்த பெட்டி எது என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. ராத்தா மெஷினில் இருக்கிற நேரத்தை நான் இதற்காகவே வைத்துக்கொண்டேன். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு, புத்தளம் டவுனில் இருக்கிற பழைய இரும்புக் கடை, கராஜ் எல்லாவற்றிலும் ஏறி இறங்குவேன். அவள் முடித்து வெளியே வந்து வாங்குப் பலகையில் காத்திருப்பாள். நான் வியர்த்து விறுவிறுத்து வந்து, இன்றைக்குப் பார்த்தவனும் கள்ளன் என்று தொடங்கி, பஸ் வரும் வரைக்கும் பெற்றரிக் கதையே கதைப்பேன்.

கள்ளன் என்று சொன்னேனா? சும்மா சொல்லவில்லை. ஒருத்தன் பெட்டிகளை அடுக்கி மேலே இரண்டு சீமெந்துக் கல்லை ஏற்றி வைத்திருந்தான். காற்றுக்குப் பறக்கும் என்றா இந்தக் கல் என்று கேட்டேன். வெயிலுக்கு நல்லது என்றான். கல்லைத் தூக்கிப் பார்த்தால் நடுப்பெட்டி எல்லாம் வயிறு ஊதிக் கிடக்கிறது. ஊதின பெட்டி எந்த நேரமும் நெருப்புப் பிடிக்கும். அதைப் பாரம் வைத்து அமுக்கி எனக்கு விற்கப் பார்க்கிறான். இன்னொருத்தன் லொறி ஹோன் ஒன்றைப் பூட்டி அடித்துக் காட்டினான். தெரு நாய் எல்லாம் ஓடியது. என் வேன் ஹோன் அடித்துக்கொண்டா புத்தளம் போகப் போகிறது? ஒரு மணித்தியாலம் பல்ப் எரித்துப் பார்க்க விடு என்று கேட்டால், அப்படி எரித்தால் பெற்றரி இறங்கிவிடும் என்கிறான். இறங்குகிற பெற்றரியைத்தானே தம்பி எனக்கு விற்கிறாய் என்று கேட்டேன். கடையை விட்டு வெளியே போகச் சொன்னான்.

கடைசியில் சிலாபத்துக்கு அந்தப் பக்கம் ஒரு யார்டில், பக்கவாட்டில் சரிந்து விழுந்த கார் ஒன்றின் பெட்டிகள் கிடைத்தன. ஆள் சிங்களவர், பாதி தமிழும் பாதி சிங்களமுமாகக் கதைப்பவர். மீற்றரைக் கையில் எடுக்காத முதல் மனிதர். எனக்குத் தெரியாது, கொண்டுபோய்ப் பார், கூடாததைத் திருப்பிக் கொண்டு வா என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினேன். தேங்காய் லொறி ஒன்றில் பாதி வழியும், மீன் லொறி ஒன்றில் மீதி வழியுமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சண்டைக் காலத்தில் ஒரேயொரு பெற்றரியோடு பாலாவிச் சோதனைச் சாவடியைத் தாண்டியிருந்தால் இறக்கிவைத்து ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். இப்போது ஒரு லொறி நிறையக் கொண்டு போகிறேன், ஏறிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை.

பழைய பெட்டியை இரண்டு விதமாகச் சோதிக்க வேண்டும். முதலாவது, பாரம் கொடுத்துப் பார்ப்பது. முழுக்கச் சார்ஜ் ஏற்றி, லொறியின் முன் விளக்குப் பல்புகளைப் பூட்டி எரியவிட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் மணித்தியாலக் கணக்கில் எடுக்கும். அதற்குள் கரண்ட் போய்விடும். எங்கள் முற்றத்தில் நின்றால் ஒரு பக்கம் நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கிற இடத்தின் புகைக்கூடு தெரியும். மற்றப் பக்கம் காற்றாலை வரிசையாகச் சுற்றும். நடுவில் எங்கள் வீட்டில் மின்விசிறி சுற்றாது. பாதி ஏறின பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புகைக்கூட்டைப் பார்த்து நான் ஏசினதை, நன்மை தீமைக் கணக்கு வைக்கிற மலக்குமார்கள் எழுதியிருந்தால் எனக்கு மறுமையில் மீட்சி இல்லை.

எப்படியோ அந்தச் சோதனையை முடித்தேன். பல்ப்பை நின்று எரிக்காத பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் சொன்ன சொல் மாறாமல் வேறு தந்தார்.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். சில பெட்டிகள் பல்ப்பை நன்றாக எரிக்கும். ஆனால் உள்ளே ஒரு கசிவு இருக்கும். சும்மா வைத்தாலே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெடிப்பு விழுந்த குடத்தில் தண்ணீர் வைத்தது மாதிரி. அப்படி இரண்டு பெட்டி வரிசைக்குள் புகுந்துவிட்டால் மற்ற எல்லாம் நல்லதாக இருந்தும் பிரயோசனம் இல்லை, வேன் நடுவழியில் நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. ஏற்றி, அளந்து, ஒருவரும் தொடாமல் பத்து நாள் ஓய்வில் வைத்துவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். இறங்கினது கெட்டது. இறங்காதது நல்லது.

கொட்டிலில் வைத்தால் கடல் காற்றுக்கு முனையெல்லாம் பச்சை பூத்துவிடும். அதனால் ராத்தா படுக்கிற முன் அறையில், சுவரோரமாக இரண்டு பலகை போட்டு அடுக்கினேன். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் மீற்றர் காட்டின இலக்கத்தைச் சிவப்பு மையால் எழுதினேன். யாரும் தொடக்கூடாது, தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும் என்று பொதுவாகச் சொன்னேன். பொதுவாக என்றால், தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு, ராத்தாவின் ஆஸ்பத்திரி நாள் தவிர, நான் பகல் முழுக்க வீட்டில் இல்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததில் பண்ணைகளில் மோட்டார் மோட்டாராக எரிந்தன. காலையில் போனால் மஃரிப் தொழுகைக்குத்தான் வீடு திரும்புவேன். வந்ததும் வராததுமாக வேனுக்குக் கீழே படுத்து வயர் இழுப்பேன். ராத்தா சாப்பிடக் கூப்பிடுவாள். வாறன் வாறன் என்பேன். சோறு ஆறிவிடும்.

பத்து நாள் முடிந்து மீற்றரைக் கையில் எடுத்தேன். முதல் பெட்டி, எழுதின இலக்கம் அப்படியே. இரண்டாவது, அப்படியே. மூன்றாவது, நான்காவது, கடைசிப் பெட்டி வரைக்கும் அப்படியே. நம்ப முடியவில்லை. மீற்றரில் பிழையோ என்று இன்னொரு மீற்றர் இரவல் வாங்கி வந்து பார்த்தேன். அதிலும் அப்படியே. அந்த யார்டுக்காரருக்கு வாய் நிறைய துஆச் செய்தேன். ராத்தாவுக்கு முன்னாலேயே சுஜூதில் விழுந்து அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். ராத்தா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

பெட்டிகளை வேனின் பின் ஆசனத்துக்குக் கீழே வரிசையாகப் பூட்டி, முதல் ஓட்டம் கடற்கரைப் பாதையில் ஓடினேன். பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் சிலர், எல்லாரும் போன பிறகும் போகாமல் நின்றவர்கள், சத்தமில்லாமல் ஒரு பழைய வேன் போவதைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் கண்ணாடியை இறக்கி ஒரு அரசனைப் போலக் கை காட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிழமையே ராத்தாவைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்துக்கொண்டு புத்தளம் புறப்பட்டேன். முதல் நாள் கரண்ட் வந்த நேரத்தில் முழுக்க ஏற்றியிருந்தேன். அவளுக்கு அன்றைக்கு மூச்சு கொஞ்சம் முட்டாகத்தான் இருந்தது. நுரைச்சோலை தாண்டும்போது நன்றாக ஓடியது. வரிசையில் நின்ற வாகனங்களை எல்லாம் முந்திப் போனோம். பாலாவிக்குக் கிட்ட, உப்பளம் தொடங்குகிற இடத்தில், வேன் இழுக்கவில்லை. மிதியை அமுக்கினேன். இன்னும் மெதுவாகியது. பிறகு நின்றது.

சுற்றி உப்பளம். ஒரு மரம் இல்லை. வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ராத்தாவை இறக்கி, வேனின் நிழல் விழுந்த பக்கத்தில் ஆசன மெத்தையைப் போட்டு இருத்தினேன். ஆசனத்தைக் கழற்றிப் பெட்டி பெட்டியாக அளந்தேன். ஐந்து பெட்டி செத்துக் கிடந்தது. குறைந்து கிடக்கவில்லை, செத்துக் கிடந்தது. கையில் இருந்த வேன் சாவியை உப்புப் பாத்திக்குள் வீசி எறிந்தேன். ரயரை உதைத்தேன். அந்த யார்டுக்காரரை, அவருடைய தாய் தகப்பனை, ஜப்பான்காரனை, பெற்றரியைக் கண்டுபிடித்தவனை, ஒருத்தரையும் விடவில்லை. இதெல்லாம் கசிகிற பெட்டி. பூட்டின நாளில் இருந்தே இறங்கியிருக்கிறது; வரிசையாக ஏற்றும்போது மற்றவை நிரம்ப, இவை பாதியில் நின்றிருக்கின்றன. ஆனால் எப்படி?

"பத்து நாள் வச்சுப் பாத்தனே" என்று கத்தினேன். "ஒரு புள்ளி எறங்கல்லையே!"

"எறங்கின" என்றாள் ராத்தா. "அவங்க நெரப்பித் தந்தாங்க."

எனக்கு விளங்கவில்லை. ஆரு, என்னத்தை, எங்கே என்று கேட்டேன். மூச்சு வாங்கி வாங்கி அவள் சொன்னாள். பெட்டி அடுக்கின மறுநாளே, புழுக்கத்தில் பிள்ளை நித்திரை கொள்ளாமல் அழுகிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் சின்ன மின்விசிறிக்கு ஒரு பெட்டி கேட்டிருக்கிறாள். ராத்தா கொடுத்திருக்கிறாள். அடுத்த நாள் இன்னொருத்தி. போன் செத்துப் போய், சவூதியில் இருக்கிற புருஷனோடு கதைக்க முடியவில்லை என்று. அதற்கடுத்த நாள் மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு வெளிச்சம் இல்லை என்று. ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது பழுதாகும் என்று, தினம் வேறு வேறு பெட்டியாக, வரிசை தவறாமல் கொடுத்திருக்கிறாள். கொஞ்சப் பேர் அங்கேயே இருந்து சார்ஜ் போட்டுக்கொண்டு கதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நோன்புக் கஞ்சியோ கறியோ கொண்டு வந்த பாத்திரத்தை யாரும் வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி, அதுவும் இல்லாவிட்டால் இரண்டு தேசிக்காய். வெறும் பாத்திரம் கொடுப்பது பெரிய மானக்கேடு. அந்த வழக்கத்தை இவர்கள் என் பெட்டிகளுக்கும் பார்த்திருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் வெளிச்சம் போட்டு மீன் பிடிக்கிறவர். கூரையில் சோலர் தகடு, கையில் மீற்றர், எல்லாம் உண்டு. எடுத்துப் போன ஒவ்வொரு பெட்டியும் அவரிடம் போய், நெற்றியில் நான் சிவப்பு மையால் எழுதின இலக்கம் வரும் வரை ஏற்றப்பட்டு, துடைத்து, வைத்த இடத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்தாம் நாள் அவரே மீற்றரோடு வந்து, இடையில் இறங்கிக் கிடந்ததையும் ஊரார் எடுத்ததுதான் என்று நினைத்து அதே இலக்கத்துக்கு நிரப்பியிருக்கிறார். அந்த மனிதர் கசிகிற பெட்டிக்கும் கசியாத பெட்டிக்கும் ஒரே மரியாதை செய்திருக்கிறார்.

நான் தலையில் கை வைத்து ரோட்டில் இருந்துவிட்டேன். யாரைப் பிடித்து ஏசுவது? களவெடுத்திருந்தால் ஏசலாம். உடைத்திருந்தால் ஏசலாம். எடுத்ததை நிரப்பி வைத்தவனை என்னவென்று ஏசுவது? ஏச ஆளில்லாமல் போனால் என் கோபம் கிட்ட இருக்கிறவர் மேல்தான் பாயும்.

"சுஜூதுல விழுந்தனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. ஏன் ராத்தா எனக்கிட்டச் சொல்லல்ல?"

நிரப்பித்தானே தந்தாங்க, அதுல என்ன பழுது வரும் என்று நினைச்சன் என்றாள். பிறகு சொன்னாள்: "சொன்னா நீ கத்துவாய். நீ கத்தினா அதுகள் நம்மட வாசலுக்கு வராதுகள். அதுகளும் வராட்டி எனக்கு ஆரு இரிக்கிற?"

"ஏன், நான் இல்லையா?"

"நீ இரிக்கிறாய்" என்றாள். "பெட்டிகளோட இரிக்கிறாய்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோறு ஆறுது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். உனக்காகத்தானே இந்தப் பாடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய கால் பாதத்தைப் பார்த்தேன். செருப்பு வார் பதிகிற அளவுக்கு வீங்கியிருந்தது. எப்போது இவ்வளவு வீங்கினது என்று எனக்குத் தெரியாது.

நான் கை காட்டின எந்த வாகனமும் நிற்கவில்லை. நிற்காமல் போன ஒவ்வொன்றுக்கும் பின்னால் கத்தினேன். கடைசியில் கற்பிட்டியில் இருந்து வந்த மீன் லொறி ஒன்று, நான் கை காட்டாமலேயே நின்றது. சாரதி எட்டிப் பார்த்தது என்னை அல்ல. "ராத்தா, என்ன வெயில்ல இரிக்கிறீங்க?" என்றான். அவனுடைய மனைவியும் பெட்டி கேட்டு வந்தவளாம்; சவூதிக்குப் போன் எடுக்க வந்தவளும் அல்ல, மத்ரஸாவுக்குக் கேட்டவளும் அல்ல, அதற்கும் அடுத்த நாள் வந்தவள். ராத்தாவுக்கு அவனையும் தெரியும், அவன் பிள்ளைகளின் பெயரும் தெரியும். முன் ஆசனத்தில் அவளைத் தூக்கி இருத்தினோம். நான் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தேன். மீன் லொறிக்கு எப்படியும் டீசல் கொடுக்கிறார்கள், கிழமையில் எல்லா நாளும் இந்த நேரத்துக்கு நான் உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறேன், ராத்தா போகிற நாளில் வாசலில் நின்றால் போதும் என்று சொன்னான். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று அவனிடமும் கேட்டேன். நீங்கள்தான் கரண்ட் வேன் செய்கிறீர்களே நானா, அதைக் குறைத்து மதிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன் என்றான். எனக்கு அந்த லொறியில் இருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எங்கள் நேரம் தாண்டிவிட்டது. நர்ஸ் மிஸ்ஸி எனக்கு நன்றாக ஏசினாள். மனிசியின் கால் இப்படி வீங்கும் வரை என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த ஆளின் நேரம் வரும் வரைக்கும் கொஞ்ச நேரமாவது போட்டு விடுகிறேன், மீதியை நாளைக்கு வந்து செய்யுங்கள் என்று இரக்கப்பட்டுக் கட்டில் தந்தாள். குழாயில் இரத்தம் ஓடத் தொடங்கியது. நான் பழக்கத்தில் எழும்பி வாசல் வரைக்கும் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து, ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலோரமாகப் போட்டு இருந்தேன். இத்தனை மாதத்தில் அந்த மெஷின் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் போன் அடித்தது. டவுனில் ஒரு கராஜ்காரன், புதுசாக ஒரு செட் வந்திருக்கிறது, பின்னேரத்துக்குள் வந்து பார்க்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். செத்த ஐந்து பெட்டிக்கு எனக்கு மாற்று வேண்டும். வேன் நடு ரோட்டில் கிடக்கிறது. சாவி உப்புக்குள் கிடக்கிறது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டே, போய்ப் பாத்துட்டு வா, இல்லாட்டி ஒனக்கு நித்திரை வராது என்றாள். வேறு ஆளுக்கே கொடு என்று சொல்லிப் போனை வைத்தேன். அவன் கராஜில் வந்ததும் நல்ல சாமானாக இருந்திருக்காது, அது வேறு கதை.

போனை வைத்த பிறகு எனக்கு என்ன கதைப்பது என்று தெரியவில்லை. பெற்றரியைத் தவிர வேறு ஒரு கதையும் வாயில் வரவில்லை. கடைசியில், அந்த மின்விசிறி கேட்டு வந்த பிள்ளை ஆருட மகள் என்று கேட்டேன்.

ராத்தா கண்ணைத் திறந்தாள். அவள் ஆருட மகள், எந்த வீட்டில் கலியாணம் முடித்தாள், மாமியோடு ஏன் சரிவரவில்லை, பிள்ளைக்கு எந்தக் காதில் சீழ் என்று தொடங்கி, மெஷின் ஓடின நேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். சார்ஜுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக அவள் கதையில் வந்து போனார்கள். எல்லாரும் எங்கள் தெருதான். பாதிப் பேரை எனக்குத் தெரியாது.